பாறை பார்க்கில் ஒரு விசில்

பாறை பார்க்கைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள் என்று என் கணவர்தான் சொன்னார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைக் காட்டினார். கழுவி விட்டதுபோல் பாறைகள், அவற்றின் நடுவே வழிந்தோடும் தண்ணீர், சாயங்காலத்தில் ஊதாவும் பச்சையுமாக விளக்குகள்.

"ஞாயித்துக்கெழம போலாமா?" என்று கேட்டார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முழுவதும் நறுக்கி முடித்துவிட்டு, "போலாம்" என்றேன்.

அது பழைய பூங்கா. நாங்கள் பிறப்பதற்கு முன்பே, ஊர் இவ்வளவு பெரிதாகாத காலத்தில், மலையடிவாரத்திலிருந்து கற்களைக் கொண்டுவந்து அடுக்கி உண்டாக்கியது. ஆள் உயரப் பாறைகள், அவற்றுக்கிடையே குனிந்து போகும் சந்துகள், ஏறி இறங்கப் படிகள், நடுவில் ஒரு குளம். அடுக்கியவர் யாரோ, கல்லைப் பற்றி நன்றாகத் தெரிந்தவராக இருக்கவேண்டும். மனிதன் வைத்தது என்று சொல்லவே முடியாது. பிற்பாடு யாரும் கவனிக்காமல் பாழாகிப் போனது. குளத்தில் சாக்கடை கலந்தது, சந்துகளில் பாட்டில் குவிந்தது, கடைசியில் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். பாழாய்ப் போனதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

காரணம் இருக்கிறது. நான் டிகிரி படிக்கும்போது நாங்கள் இருவரும் சந்தித்துப் பேசிய இடம் அதுதான். எங்கள் வீடு பொள்ளாச்சி ரோட்டில் தோட்டத்துக்குள். தென்னையும் மஞ்சளும் மோட்டார் ரூமும் உள்ள குடும்பம். அவர் மதுக்கரைக்காரர். அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார், ஞாயிறானால் குடும்பமே சர்ச்சுக்குப் போகும். அவர் அப்போது ஒரு பம்ப்செட் பட்டறையில் ஃபிட்டர். டவுன் பஸ்ஸில் பழக்கம். சனிக்கிழமை மதியம் காந்திபுரத்தில் இறங்கி, வேறு வேறு பஸ் பிடித்து, பத்து நிமிட இடைவெளியில் பார்க்குக்குள் போவோம். குளத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிழல் கொடுக்கும். அதன் அடியில் ஒரு தட்டைக் கல். இவ்வளவு பெரிய ஊரில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்த ஒரே இடம் அந்தக் கல்தான். என்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய ஃபோர்மேன், என்னுடைய கெமிஸ்ட்ரி லேப், பார்த்த சினிமா, பார்க்காத சினிமா.

பதினோரு மாதம் அப்படிப் போனது. பார்க் வாட்ச்மேன் எங்களைக் கவனித்திருக்கிறார். எங்கள் பெரியப்பாவின் கடைக்கு வந்து போகிறவர் அவர் என்பது எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை என் அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். குளத்துக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, என் கன்னத்தில் அறைந்தான். ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தான். வழியில் ஒரு குடும்பம் புல்லில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தது. கால் நீட்டியிருந்த ஒருவர் எங்களுக்கு வழி விடுவதற்காகக் காலை மடக்கிக்கொண்டார். அன்று அந்தப் பார்க்கில் எனக்காக யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் அது அவ்வளவுதான்.

படிப்பு நின்றது. எட்டு மாதம் ஓர் அறை. என் அப்பா ஒரு நாளும் என்னை அதட்டவில்லை, கை ஓங்கவில்லை. தினமும் கதவருகே வந்து, "சாப்ட்டயா கண்ணு?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவார். காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, எக்ஸ்ரே அறையின் இன்னொரு வாசல் வழியாக வெளியேறினேன். அப்புறம் ரெஜிஸ்டர் கல்யாணம், வாடகை வீடு, லேப் டெக்னீஷியன் படிப்பு, ஒரு மகள். அப்பா இறந்தபோது சேதி கேட்டுப் போனேன். கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்கொ, பெரியவங்க மனசு சங்கடப்படும்" என்றார் ஒரு சித்தப்பா, கையைக் கூப்பிக்கொண்டு. எங்கள் பக்கத்தில் கதவை முகத்தில் அறைந்து சாத்துவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்த கேட் முன்னால் நின்றேன்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். நுழைந்தவுடன் ஆள் உயரத்துக்கு இரும்பில் ஒரு இதயம், சிவப்புப் பெயின்ட் அடித்து. அதற்குள் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. பாறைகளின் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்து, அந்தச் சிமெண்ட் தெரியாமலிருக்கச் சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். படிகளுக்குக் கைப்பிடி போட்டிருந்தார்கள், அது நல்லதுதான். குளத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆரஞ்சு மீன்கள் திரிந்தன. என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பரவால்லயே, நல்லாத்தான் பண்ணிருக்கறாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது, குளத்தைச் சுற்றி வரும் வரைக்கும்.

சாய்ந்த பாறைகள் இரண்டும் அப்படியே இருந்தன. தட்டைக் கல்லும் இருந்தது. ஆனால் சுற்றிச் சங்கிலி. சங்கிலிக்குப் பக்கத்தில் மஞ்சள் போர்டு. 'ஜோடிகள் மறைவான இடங்களில் அமரக் கூடாது. மீறினால் பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்படும்.'

இரண்டு தடவை படித்தேன். 'பெற்றோருக்கு' என்ற சொல்லை மூன்றாவது தடவையும் படித்தேன். அன்று ஒரு வாட்ச்மேன் தானாகப் போய்ச் சொன்னதை இன்று போர்டு எழுதி வைத்துச் செய்கிறார்கள். வாசலில் இரும்பு இதயம், உள்ளே இது.

"வா, அந்தப் பக்கம் பாலம் ஒண்ணு கட்டிருக்கறாங்க" என்று என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். அவரும் படித்துவிட்டார் என்று தெரிந்தது.

அப்போதுதான் விசில் கேட்டது. நீளமாக, காதைக் கிழிப்பதுபோல்.

பாலத்துக்கு அப்பால், பாறைச் சந்து ஒன்றின் வாயில் செக்யூரிட்டி நின்றிருந்தார். நீலச் சட்டை, நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் முன்னால் ஒரு பெண்ணும் ஒரு பையனும். இருவருக்கும் இருபது வயதிருந்தால் அதிகம். பெண்ணின் கழுத்தில் ஞாயிற்றுக்கிழமையும் காலேஜ் அடையாள அட்டை, வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். அதைக் கயிற்றோடு கழற்றித் தன் கையில் வைத்திருந்தார் செக்யூரிட்டி. முன்பக்கத்தைப் போனில் படம் எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தில் அப்பாவின் நம்பர் அச்சிட்டிருக்கும். இப்போது எல்லாக் காலேஜிலும் அப்படித்தான். அதைப் பார்த்து நிதானமாக ஒவ்வொரு எண்ணாக அழுத்த ஆரம்பித்தார்.

"அண்ணா, வேண்டாங்கண்ணா. இனி வரமாட்டனுங்க. ப்ளீஸ்ங்கண்ணா" என்று அந்தப் பெண் கையைக் கூப்பினாள். பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றிலும் ஆட்கள். சோளம் தின்றுகொண்டு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நகர்ந்ததும் என் கணவர் மணிக்கட்டைப் பிடித்தார். "நமக்கெதுக்கு? விடு."

கையை உதறினேன். உதறின வேகத்தில் என் வளையல் அவர் விரலில் பட்டுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் போன் முழுதாக ரிங் போய் நின்றுவிட்டது. "எடுக்க மாட்டீங்கறாரு" என்றார் செக்யூரிட்டி, யாருக்கோ உதவி செய்யப் போய் முடியாமல் போன குரலில். மறுபடி அழுத்தப் போனார்.

"ஏனுங்க, போனக் கீழ எறக்குங்க" என்றேன்.

"நீங்க யாருங்கக்கா? இந்தப் புள்ளைக்குச் சொந்தங்களா?"

"சொந்தமில்ல. அந்தக் கார்டக் குடுங்க அவகிட்ட."

"நீங்க போய் உக்காருங்கக்கா. நல்லதுக்குத்தானுங்க பண்றோம். நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது? எனக்கும் பொம்பளப் புள்ள இருக்குதுங்க."

அந்த மரியாதைதான் என்னைக் கொளுத்தியது. வாய் நிறைய அக்கா, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க', கையில் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து கழற்றிய கயிறு.

"என்ன ஆகும்? சொல்லுங்க, என்ன ஆகும்? பேசிட்டு உக்காந்திருந்தா என்ன ஆயிரும்? நீங்க போன் பண்ணுனாத்தான் ஆகும்! இவ ஊட்ல இவளை என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? படிப்ப நிறுத்துவாங்க, பூட்டி வெப்பாங்க. கொன்னுகூடப் போட்டுருவாங்க. பேப்பர் படிக்கறதில்லீங்களா நீங்க?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பாறைகளில் பட்டுத் திரும்பி வந்தது. கூட்டத்திலிருந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சாந்தமாகச் சொன்னார்: "சத்தம் போடாதீங்க அம்மணி. பெத்தவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா? அவங்க நம்பித்தான அனுப்பறாங்க."

"உங்ககிட்ட கேட்டனுங்களா?" என்று அவரிடம் திரும்பினேன். "இத்தன நேரம் இந்தப் புள்ள அழுவுது. அப்பெல்லாம் வாயத் தொறக்கல நீங்க. சோளம் தின்னுட்டு வேடிக்க பாத்தீங்க. நான் பேசுனா மட்டும் சத்தமாக் கேக்குதுங்களா?"

அவர் சோளத்தைக் கையோடு கீழே இறக்கிக்கொண்டார்.

"நாங்களும் ஜோடிதான்" என்று என் கணவரைக் காட்டினேன். அவர் நாலடி தள்ளி நின்றிருந்தார். "எங்களையும் போட்டோ புடிங்க. எங்கப்பன் நம்பரு வேணுமா? அவரு செத்துப்போயிட்டாரு. மொகத்தப் பாக்கக்கூட என்னைய உடல. போடுங்க போன!"

அந்த நேரம் பார்த்து செக்யூரிட்டி கையிலிருந்த போன் அடித்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். சற்று முன் அழுத்திய அதே எண். மிஸ்டுகால் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் அப்பா திரும்பக் கூப்பிடுகிறார்.

அவளுடைய முகத்தில் இருந்த நிறம் வடிந்தது. இருபத்தைந்து வருடமாக ரத்தம் எடுக்கிறேன். மயங்கி விழப்போகும் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

யோசிக்கவில்லை. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தேன். என் வாயிலிருந்து தினமும் நாற்பது தடவை பேசும் லேப் குரல் தானாக வந்தது.

"வணக்கங்க, லேப்ல இருந்து பேசறனுங்க. பிளட் ரிப்போர்ட் ரெடின்னு ஒரு பேஷண்ட்டுக்குப் போட்டனுங்க. நம்பர் மாறி உங்களுக்கு வந்திருச்சாட்ட இருக்குது."

"அப்படீங்களா?" என்றார் எதிர்முனையில் அவர். பின்னால் மாடு கத்தும் சத்தம். "நான் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு இருந்தனுங்க, அதான் எடுக்க முடியல. சரிங்க அம்மணி, பரவால்லீங்க. அந்தப் பேஷண்டுக்கு ஒண்ணும் ஆபத்தில்லீங்களே?"

எவ்வளவு தன்மையான குரல். யாரோ ஒரு நோயாளியைப் பற்றி விசாரிக்கிறார். இந்த மனிதர் தன் பெண்ணை என்ன செய்வார், செய்யமாட்டார் என்று அந்தக் குரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. என் அப்பாவின் குரலைக் கேட்டிருந்தாலும் யாராலும் சொல்லியிருக்க முடியாது. "ஒண்ணுமில்லீங்க, வெச்சர்றனுங்க" என்று வைத்தேன்.

அதே போனில் போட்டோக்களைத் திறந்து அவளுடைய கார்டின் படத்தை அழித்தேன். அழித்தவை சேரும் இடத்துக்கும் போய் அங்கேயும் அழித்தேன். கூப்பிட்ட எண்ணையும் அழித்துவிட்டுப் போனை நீட்டினேன். செக்யூரிட்டி வாங்கிக்கொண்டார். கார்டைத் தானாகவே பெண்ணிடம் கொடுத்தார். பிறகு மெதுவாக, "சூப்பர்வைசர் சொல்றதத்தானுங்க நாங்க செய்யறோம். செய்யலீன்னா அனுப்பிப்போடுவாங்க" என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இப்போதும் பெரிதாக வரவில்லை.

அந்தப் பெண் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீங்க கத்துனதுலதானுங்க எல்லாரும் வந்து பாத்தாங்க. எங்க ஊர்க்காரங்க யாராச்சும் இருந்திருந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. "கத்தாம இருந்திருந்தா உங்கப்பனே வந்திருப்பாரு கண்ணு" என்றேன்.

"எங்கப்பா அடிக்கெல்லாம் மாட்டாருங்க" என்றாள். கார்டைச் சரிசெய்துகொண்டே, "காலேஜ நிறுத்திப்போடுவாரு. அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்கிறாள்! என் கணவர்தான் முன்னால் வந்தார். பையனின் தோளில் கை வைத்து, "தம்பி, நீ பின்னாடி கேட்டு வழியாப் போ. புள்ளைய நான் பஸ் ஸ்டாப்புல உட்டர்றேன்" என்றார். அவளோடு இரண்டடி தள்ளி நடந்துபோய், பஸ் வந்து அவள் ஏறும் வரைக்கும் நின்றுவிட்டு வந்தார். கிட்டத்தட்ட அரை மணி நேரம். அதுவரை நான் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அவர் திரும்பி வந்து, "பஸ் ஏறிட்டா" என்றார்.

எத்தனையோ வருடமாகக் கேட்காத ஒன்றை அப்போது கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு எங்கண்ணன் என்னைய இழுத்துட்டுப் போனப்ப நீங்க எங்க நின்னீங்க?"

அவர் கேட்காதவர் மாதிரி மீனைப் பார்த்தார்.

"அந்தப் பாறைகிட்ட நின்னீங்க. அங்கயேதான் நின்னீங்க. ஒரு அடிகூட எடுத்து வெக்கல. இன்னிக்கும் நாலடி தள்ளித்தான் நின்னீங்க."

ஏதாவது காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர்கள் மூன்று பேர், நான் ஒருத்தன், வந்திருந்தால் உன்னைத்தான் இன்னும் அடித்திருப்பார்கள் என்றெல்லாம். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"பயமா இருந்துச்சு" என்றார். "அன்னிக்கும் பயந்துட்டேன். இன்னிக்கும் பயந்துட்டேன். நீ பேசப் பேச எனக்குக் காலெல்லாம் வெடவெடன்னு இருந்துச்சு."

திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அன்று ராச்சாப்பாடு ஆளுக்கொரு அறையில். அவர் விரலில் என் வளையல் கீறிய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை மறுநாள் காலையில்தான் பார்த்தேன்.

அந்த வாரம் ஒரு நாள், ஆர்.எஸ்.புரத்தில் லேப் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனு எழுதினேன். அந்த போர்டு எந்த உத்தரவின்படி வைக்கப்பட்டது, வயது வந்த இருவரின் அடையாள அட்டையைப் படம் எடுக்க யார் அதிகாரம் கொடுத்தது, பெற்றோரை அழைத்ததால் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு. மூன்றே கேள்வி. கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் என் கையெழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. கார்ப்பரேஷன் அலுவலகத்துக்கு இருவருமாகப் போய்க் கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரி படித்துவிட்டு, "நல்ல எண்ணத்துலதான் வெச்சிருப்பாங்கம்மா" என்றார்.

"நல்ல எண்ணத்துல வெச்சாங்கன்னு எழுதிக் குடுங்க" என்றேன். அவர் சீல் குத்திக் கொடுத்தார்.

பதில் கடிதம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனபோது மஞ்சள் போர்டு இல்லை. கம்பத்தில் போல்ட் இருந்த நாலு ஓட்டை மட்டும் இருந்தது. சங்கிலியையும் எடுத்துவிட்டார்கள். அதே செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் நடந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து அந்தத் தட்டைக் கல்லில் உட்கார்ந்தோம். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். சாய்ந்த பாறையின் மேல், எங்களைப் பார்த்தபடி, புதிதாக ஒரு கேமரா வைத்திருந்தார்கள். குளத்தைப் பார்த்தோ கேட்டைப் பார்த்தோ வைக்கவில்லை. இந்தக் கல்லைக் குறிபார்த்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் காலேஜுக்குப் போகிறாளா, அவளுடைய ஊர்க்காரர் யாராவது அன்று கூட்டத்தில் இருந்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அடுத்த மனுவில் என்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே, அந்தக் கேமராவின் கண்ணை நேராகப் பார்த்தபடி, என் கணவரின் தோளில் தலையைச் சாய்த்தேன்.

அவர் உடம்பு விறைத்தது. "எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும்."

அவர் ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார். அப்புறம் தோளைக் கொஞ்சம் இறக்கி, எனக்கு வாட்டமாக வைத்துக்கொண்டார்.